புகார்ப் பெட்டி யாருக்கு எட்டுகிறது?

பள்ளிகளுக்கு ஆலோசகராகப் போய்வரும் எனக்கு ஒரு பழக்கம். உள்ளே நுழைந்ததும், பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே தொங்குகிறது என்று பார்ப்பேன். ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, என் தோள் உயரத்தில் இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எட்டாது. எட்டுகிற பிள்ளை சீட்டுப் போட்டால் வராந்தாவே பார்க்கும். சாவி யாரிடம் என்று கேட்டேன். "பி.டி. சார்கிட்ட." பாதிப் பையன்களுக்கு அவரிடம்தான் பயம்.

'கேலி, மிரட்டல் எதுவானாலும் எல்லா மாணவர்களும் புகார் செய்யலாம்' என்று சுவரில் எழுதியிருந்தது. செங்கல் சூளையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமிக்கு அதைப் படிக்கத் தெரியாது. நடை பெண்ணைப் போல இருக்கிறது என்று கேலி செய்யப்படும் பையன் புகார் எழுதினால் வீட்டிலிருந்து ஆளை அழைத்துவரச் சொல்வார்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவன் பயமே.

சாதி என்று வந்தால் புகாரே ஆபத்தாகலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், துன்புறுத்தலால் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியலின மாணவர் காரணத்தைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் சக மாணவர்கள் வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சொன்னவரைக் காப்பாற்ற ஏற்பாடு இல்லாமல் 'தைரியமாகச் சொல்' என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதன்பின், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வகுப்பில் யோசிக்காமல் அப்படியே செய்ததில், காதுக் கருவி போட்ட, 'வ'வில் பெயர் தொடங்கும் சிறுமி கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஸ்காட்லாந்தில் பொது அமைப்புகள் ஒரு கொள்கையைக் கொண்டுவருமுன், அது மாற்றுத்திறன், இனம், பாலினம் போன்றவற்றால் வேறுபட்டவர்களை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிட்டாக வேண்டும். அதற்குப் பின்னால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. நமக்குப் பெரிய படிவமெல்லாம் வேண்டாம். விதியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை இதை எப்படிப் பயன்படுத்துவாள், யார் பார்ப்பார்கள், அப்புறம் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருவராக யோசித்தால் போதும்.

அந்தப் பள்ளியில் பெட்டி இப்போது நூலகத்துக்குள், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சாவி மட்டும் இன்னும் பி.டி. சாரிடம்தான்.