புள்ளி வைத்ததும் வரும் பட்டியல்

காரைக்குடி அழகப்பா வளாகத்துப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, புள்ளி வச்சா லிஸ்ட் வரணும்ல, எனக்கு மட்டும் ஏன் வரலை?" பெரும்பாலும் நிரல் எழுதப் பயன்படும் எடிட்டரை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்த பிறகுதான் கேட்பார்கள். அதில் பலன் இருப்பதில்லை. அடுத்து வரக்கூடிய பெயர்களைக் காட்டும் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது வேறொரு நிரல்.

ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்குப் பைதானில் ரசீது நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பைதான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 'தரைக்கல்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு பொருளுக்கான அச்சு. அதற்குள் நிறம், அளவு, விலை. 'கல் = தரைக்கல்()' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'கல்' என்று அடித்து அதன் பின்னால் முற்றுப்புள்ளி (.) வைத்தால் இந்த மூன்றும் பட்டியலில் வந்து நிற்க வேண்டும்.

எடிட்டர் தனியாகவும் ஓரளவு ஊகிக்கும். விம் என்ற எடிட்டரில் 'அள' என்று அடித்து கன்ட்ரோல்-என் அழுத்தினால், திறந்திருக்கும் கோப்புகளில் ஏற்கெனவே உள்ள சொற்களைத் தேடி நீட்டும். அர்த்தம் அதற்குத் தெரியாது. எங்கோ ஒரு குறிப்பில் 'அளவுகோல்' என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்தே நீட்டும். 'கல்' என்பது தரைக்கல், அதற்கு அளவு உண்டு என்று புரிந்து சொல்ல, பைதான் இலக்கணம் தெரிந்த நிரல் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் லாங்குவேஜ் சர்வர். பர்மாவில் கடை வைத்த நகரத்தார் காலத்தில், மேலாள் கேட்டதும் அடுத்தாள் பேரேட்டைப் புரட்டிப் பதில் சொன்ன மாதிரி, எடிட்டர் கேட்கும், சர்வர் சொல்லும். சர்வர் என்றதும் எங்கோ தூரத்தில் இருக்கும் இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மடிக்கணினியிலேயே பின்னால் ஓடுவதுதான். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் விட்டுவிட்டு வந்தாலும் கவலையில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இந்த வசதியை எழுத வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு வேலை. 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொதுவான பேச்சுமுறையை அறிவித்தன. இப்போது இருபது வேலை போதும். பைதானுக்குப் பைரைட், சி மொழிக்கு கிளாங்டி, ரஸ்ட்டுக்கு ரஸ்ட்-அனலைசர். இந்தப் பேச்சுமுறை தெரிந்த எந்த எடிட்டரிலிருந்தும் இவற்றோடு பேசலாம்.

பேச்சு நடப்பது ஜேசன் என்ற உரை வடிவத்தில். கோப்பைத் திறந்ததும் அதன் முழு வாசகமும் சர்வருக்குப் போய்விடும்; பிறகு நீங்கள் அடிக்க அடிக்க மாற்றங்கள் போகும். அதனால் திறந்திருக்கும் கோப்பைச் சேமித்தீர்களா இல்லையா என்பது பொருட்டே இல்லை. இணையும்போதே சர்வர் 'புள்ளி விழுந்தால் என்னைக் கேள்' என்று சொல்லி வைத்திருக்கும். எடிட்டர் அப்போது வரி எண்ணையும் அந்த வரியில் எத்தனையாவது இடம் என்பதையும் அனுப்பும். இரண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். பதில் வருவதற்குள் நீங்கள் மேலே அடித்துக்கொண்டே போனால், பழைய கேள்வியை எடிட்டர் ரத்து செய்யலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. 'கல்.' என்று பாதியில் நிற்கும் வரியைப் பைதானிடம் கொடுத்தால் சின்டாக்ஸ் எரர் என்று சொல்லி நின்றுவிடும். சர்வர் அப்படி நிற்க முடியாது. மனிதர் தட்டச்சு செய்யும் நேரம் முழுக்க நிரல் அரைகுறையாகத்தானே இருக்கும்! ஆகவே சர்வர், 'இங்கே ஏதோ ஒரு பெயர் வரப்போகிறது' என்று வெற்றிடம் விட்டு, மீதியைப் படித்து மரம்போல ஒரு கட்டமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. பிறகு புள்ளிக்கு முன்னால் இருப்பது என்ன வகை என்று பின்னோக்கித் தேடுகிறது. 'தரைக்கல்()' என்ற வரி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் 'ரசீது(கல்)' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் 'கல்.' என்று அடித்தால்? உள்ளே எது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் பட்டியலே வராது. 'கல்: தரைக்கல்' என்று வகையைச் சேர்த்து எழுதுங்கள், உடனே வரும். சோம்பேறித்தனத்தால் நாம் விடும் அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, அமைப்பில் எங்கே உடைகிறது? விஎஸ் கோட் எடிட்டரில் பைதானுக்கான துணை நிரலை, அதாவது நீட்சியைப் போட்டால் பெரும்பாலும் தானாகவே ஓடும். ஓடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்பிரட்டர், அதாவது நிரலை ஓட்டும் பைதான். பாண்டாஸ் என்ற நிரல் நூலகத்தை ஒரு மெய்நிகர் சூழலில் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைதான்) நிறுவிவிட்டு எடிட்டரில் வேறு பைதானைத் தேர்ந்திருந்தால், சர்வர் கண்ணுக்குப் பாண்டாஸ் இல்லவே இல்லை. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான். விம்மின் வழிவந்த நியோவிம்மில் 0.11 பதிப்பிலிருந்து சில வரிகளில் சர்வரை அமைத்துவிடலாம். செக்ஹெல்த் கட்டளை எந்த சர்வர் இணைந்திருக்கிறது என்று காட்டும். மெமரி குறைந்த பழைய மடிக்கணினி என்றால் நியோவிம் உதவும், ஆனால் பாதிதான். எடிட்டரை மாற்றினாலும் பைரைட் தன் பங்கு மெமரியை எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு கோளாறும் உண்டு. புரோட்டோகால் இடத்தை எண்ணுவது வழக்கமாக யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் கணக்கில். 'ஆத்தங்குடி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. அந்தக் கணக்கில் 10, யுடிஎஃப்-8 என்ற இன்னொரு முறையின் பைட்டுகளில் 30. எந்தக் கணக்கு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் வசதி புரோட்டோகாலின் 2022-இல் வந்த 3.17 பதிப்பில்தான் சேர்ந்தது. ஒரு பக்கம் 10 என்றும் மறுபக்கம் 30 என்றும் எண்ணினால், தேர்ந்தெடுத்த சொல் வரியில் தப்பான இடத்தில் போய் விழும், அல்லது பட்டியலே வராது. அதே வரியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் சரியாக வந்தால் எண்ணிக்கையில்தான் பிசகு. எடிட்டரின் நீட்சியையும் சர்வரையும் புதுப்பித்துவிட்டு மறுபடி முயல வேண்டியதுதான்.