வழி தவறுவது வந்தவர் குற்றமன்று: பல்கலைக்கழக வளாகங்களின் வழிகாட்டிப் பலகைகள் குறித்து

நுழைவுத் தேர்வு எழுத வந்த மாணவர்கள் சிலர் தேர்வுக்கூடம் இருந்த கட்டடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நேரம் கடந்து வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லி, ஒரு பல்கலைக்கழகத்தார் அண்மையில் என்னை அழைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. துறைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக ஏற்றிய பெரிய பலகை ஒன்று வாயிலிலேயே நின்றது. ஆனால் அதைக் கடந்து உள்ளே சென்றதும் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இதைச் சுட்டிக்காட்டியபோது கூட்டத்தில் எழுந்த முதல் யோசனை, இன்னும் பத்துப் பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம் என்பதுதான். வளாகங்களுக்கு வழிகாட்டல் திட்டம் வகுப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இந்த யோசனையைக் கேட்காமல் திரும்பிய வளாகம் மிக அரிது. இனியும் பொறுத்துப் பயனில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பலகைகள் போதாததால் மக்கள் வழி தவறுவதில்லை. புதிதாக வருகிறவர் வழிநெடுகப் படித்துக்கொண்டே நடப்பதில்லை. பாதை பிரிகிற இடத்திலும், தான் சரியான வழியில்தான் போகிறோமா என்ற ஐயம் எழுகிற இடத்திலும் மட்டுமே அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார். அப்போதும் அவர் தேடுவது ஒரே ஒரு பெயரைத்தான். அந்த ஒரு பெயரை முப்பது பெயர்களுக்கு நடுவே தேட வைத்தால், அவர் பலகையை விட்டுவிட்டுக் காவலாளியிடம் போய் விடுவார். ஒரு பலகை பயன்படவில்லை என்றதும் அதன் பக்கத்திலேயே இன்னொன்றை நட்டால், தேட வேண்டிய பெயர்கள் இரட்டிப்பாகின்றனவே தவிர வழி தெளிவாவதில்லை. பலகையின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு பலகையின் மீதும் விழும் கவனம் குறைகிறது. நான் பொறுப்பேற்ற வளாகங்கள் பலவற்றில் முதலில் செய்த வேலை, இருந்த பலகைகளில் ஒரு பகுதியை அகற்றியதுதான். இதை நிர்வாகத்தினர் நம்புவதற்கு நெடுநேரம் பிடிக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பலகையைக் கழற்றுவது அவர்களுக்கு இழப்பாகத் தோன்றுகிறது. கழற்றாமல் விட்டால் புதிதாக வைக்கும் நல்ல பலகையும் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோகும் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

வாகனத்தில் வருபவருக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. 25 மீட்டர் தொலைவில்தான் எழுத்து தெரிகிறது என்றால், படித்து, முடிவெடுத்து, வேகத்தைக் குறைக்க ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று நொடிகள். அதற்குள் எத்தனை பெயர்களைப் படிக்க முடியும்? சாலையோரப் பலகையில் மூன்று அல்லது நான்கு பெயர்களுக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. இதில் எந்தத் துறைத் தலைவரின் வருத்தத்துக்கும் நான் இணங்குவதில்லை.

அப்படியானால் மற்ற பெயர்கள் எங்கே போகும் என்று கேட்பார்கள். வாயிலில் வட்டாரத்தின் பெயரும், வட்டாரத்துக்குள் நுழைந்தபின் கட்டடத்தின் பெயரும், கட்டடத்துக்குள் போனபின் துறையின் பெயரும், மாடியில் அறை எண்ணும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். மக்கள் ஓர் ஊரைத் தம் மனத்தில் எவ்வாறு பதித்துக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்த நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திகள், தொலைவிலிருந்தே தெரியும் அடையாளங்கள் என்ற ஐந்தை 1960-இலேயே வகுத்துக் காட்டினார். வளாகமும் ஒரு சிற்றூர்தான். அதை நான்கைந்து வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, அந்த எழுத்தைக் கட்டட எண்ணிலும் சேர்த்துவிட்டால் பலகையின் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். ‘இ’ வட்டாரத்தின் நான்காம் கட்டடத்தைத் தேடுபவர் ‘இ’ என்ற ஒற்றை எழுத்தைப் பின்தொடர்ந்தாலே பாதி வழி வந்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் பெயர்களின் குழப்பம் குறுக்கிடுகிறது. ஒரே கட்டடத்துக்கு ஆவணங்களில் ஒரு பெயர், நன்கொடை அளித்தவர் நினைவாகக் கல்வெட்டில் ஒரு பெயர், மாணவர்கள் வாயில் வழங்கும் பெயர் ஒன்று என மூன்று பெயர்கள் இருக்கும். அழைப்புக் கடிதத்தில் முதல் பெயரும், பலகையில் இரண்டாவதும், வழி கேட்டால் மூன்றாவதும் கிடைக்கும்போது, வந்தவர் மூன்று வெவ்வேறு கட்டடங்கள் இருப்பதாகத்தான் எண்ணுவார். பலகைக்குப் பொருள் ஒதுக்குவதற்கு முன், எந்தப் பெயர் எங்கும் ஆளப்படும் என்பதைப் பல்கலைக்கழகம் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். தேர்வு நுழைவுச் சீட்டு, இணையதளம், வரைபடம், பலகை ஆகிய நான்கிலும் ஓர் எழுத்தும் மாறாமல் அதே பெயர் வர வேண்டும். நன்கொடையாளரை மதிப்பது நியாயமே. அவர் பெயர் கட்டடத்தின் முகப்பில் நிற்கட்டும். வழி காட்டுவதற்கு எண் போதும்.

அறை எண்களும் அப்படியே. முதல் இலக்கம் மாடியைக் குறிக்க வேண்டும். எண்கள் படிக்கட்டிலிருந்து ஒரே திசையில் ஏற வேண்டும். எல்லா மாடிகளிலும் ஒரே அமைப்பாக இருக்க வேண்டும். பழைய கட்டடத்தோடு புதிய இணைப்பைக் கட்டும்போது இரண்டின் தரைத்தளங்களும் ஒரே மட்டத்தில் இல்லாமல், பழையதன் முதல் மாடி புதியதன் இரண்டாம் மாடியோடு இணைவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இத்தகைய தவற்றைப் பின்னர் எந்தப் பலகையாலும் சரிசெய்ய முடியாது என்பதால், கட்டட வரைபடம் ஒப்புதலுக்கு வரும்போதே வழிகாட்டல் வடிவமைப்பாளரை உட்கார வையுங்கள்.

அடுத்து, வரைபடப் பலகை. வளாகத்தின் வரைபடத்தை ஒருமுறை வரைந்து, வடக்கை மேலே வைத்து, அதே கோப்பிலிருந்து இருபது பிரதிகள் எடுத்து இருபது இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். தெற்கு நோக்கி நிற்பவருக்கு அந்தப் படத்தில் இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கிறது. ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற சிவப்புப் புள்ளியை ஒட்டியதால் இது சரியாகிவிடாது. படத்தைப் பார்ப்பவர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறாரோ அந்தத் திசை படத்தின் மேற்புறமாக வர வேண்டும். அப்போதுதான் படத்தில் வலப்பக்கம் இருப்பது அவருடைய வலக்கைப் பக்கமே இருக்கும். இது அழகுணர்ச்சி சார்ந்த விருப்பமன்று. உளவியலாளர் மார்வின் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் செய்த சோதனைகளில், திசை பொருந்தாத வரைபடத்தைப் பார்த்தவர்கள் தவறான திசையில் நடக்கத் தொடங்கியது தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. இலண்டன் நகரம் 2007 முதல் நிறுவிவரும் நடைபாதை வரைபடங்கள் பார்ப்பவரின் திசைக்கே திருப்பி வரையப்பட்டிருப்பதோடு, ஐந்து நிமிட நடையில் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதை ஒரு வட்டத்தாலும் காட்டுகின்றன. ஒரே வளாகத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிப் படம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, ஆம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும் என்பதே. கூடுதல் செலவு கோப்பைத் திருப்பி எழுத்துகளை நேராக்கும் உழைப்பு மட்டுமே. பலகையின் உலோகத்துக்கும் அடித்தளத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

வரைபடத்தில் கட்டடத்தைக் காட்டினால் போதாது, வாயிலையும் காட்டுங்கள். கைபேசி வரைபடம் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் புள்ளியைக் குத்திவிடுவதால், அதை நம்பி வருகிறவர் பூட்டிய பின்கதவின் முன்னால் போய் நிற்கிறார். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத வாயில் எது, சாய்தளம் எந்தப் பக்கம், மின்தூக்கி எங்கே என்ற செய்திகள் வளாகத்தின் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். முன்வாயில் வரை வந்து படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிச் சுற்றி வருமாறு அவரை விடுவது அவமதிப்பு.

எழுத்தைப் பற்றிச் சில செய்திகள். எழுத்தின் உயரத்தைப் போல் 200 முதல் 300 மடங்கு தொலைவு வரை படிக்கலாம் என்பது தொழிலில் நாங்கள் வைத்துக்கொள்ளும் பொதுக்கணக்கு. அதாவது 100 மில்லிமீட்டர் எழுத்து 20 முதல் 30 மீட்டர் வரை பயன்படும். இந்தக் கணக்கு ரோமன் பேரெழுத்துகளை வைத்து வந்தது. தமிழில் புள்ளியும் சுழியும் கொக்கியும்தான் எழுத்தை வேறுபடுத்துகின்றன என்பதால், தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தொலைவிலிருந்து சுழிகள் அடைபட்டுவிடுகின்றன. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எழுத்தை நெருக்கினால் புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நடுத்தரத் தடிமனும் தாராளமான வரி இடைவெளியும் கொண்டு, கணக்கில் வரும் தொலைவின் கீழெல்லையையே நம்புங்கள். இரு மொழிப் பலகையில் இரண்டு எழுத்துகளும் ஒரே அளவு தொலைவிலிருந்து தெரிகின்றனவா என்பதைக் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், முழு அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி நடந்து பாருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி வட்டாரங்களைப் பிரிக்காதீர்கள். ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும், பிற மக்களிடையே அதைவிடச் சற்றுக் குறைந்த அளவிலும் சிவப்பு, பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறை உண்டு. நிறத்தோடு எழுத்தோ எண்ணோ சேர்ந்தே வர வேண்டும். பார்வையற்றோருக்கான அறைப் பலகைகளைக் கதவின் மேல் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. தொட்டுப் படிக்க வேண்டிய பலகை கைக்கு எட்டாத உயரத்தில் இருந்து என்ன பயன்? அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரநிலை, புடைப்பெழுத்துகள் தரையிலிருந்து ஏறக்குறைய 1220 முதல் 1525 மில்லிமீட்டர் உயரத்துக்குள், கதவின் கைப்பிடிப் பக்கச் சுவரில் அமைய வேண்டும் என்று சொல்கிறது. எந்த நாட்டிலும் இது நல்ல வழிகாட்டல்தான். தேடுபவரின் கை எல்லாக் கதவுகளிலும் ஒரே இடத்துக்குப் போனால் போதும் என்பதே இதன் நோக்கம்.

அவசரகால வெளியேற்றக் குறிகளில் கைவைக்காதீர்கள். ஓடும் மனித உருவத்தைக் கொண்ட பச்சைக் குறி, ஜப்பானிய வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் பெயரோடு இணைந்தது. இன்று பாதுகாப்புக் குறிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 7010-இல் இடம்பெற்று உலகின் பல நாடுகளில் ஒரே பொருளில் வழங்குகிறது. பல்கலைக்கழகத்தின் அடையாள நிறம் நீலம் என்பதற்காக அதையும் நீலமாக்கச் சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். புகை சூழ்ந்த நடைவழியில் ஓடுகிறவர் எங்கும் பார்த்துப் பழகிய குறியைத்தான் தேடுவார். அதேபோல் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எந்த வாயிலில் நுழைந்து எந்தக் கட்டட எண்ணைத் தேட வேண்டும் என்பதை அவ்விரு துறையினரோடும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்; இரவில் கட்டட எண் சாலையிலிருந்து தெரிய வேண்டும்.

க்யூஆர் குறியீடு ஒட்டிவிட்டோம், இனிப் பலகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: தேர்வு நாளில் கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறீர்களே, அந்த மாணவர் எதைக் கொண்டு அதைப் படிப்பார்?

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். வளாகத்தை அறியாத சிலரை அழைத்து, கையில் ஓர் அழைப்புக் கடிதத்தை மட்டும் கொடுத்து, வாயிலிலிருந்து ஓர் அறைக்குப் போகச் சொல்லுங்கள். பின்னால் நடந்து செல்லுங்கள், பேசாதீர்கள், கைகாட்டாதீர்கள். அவர்கள் நின்ற இடங்களையும் திரும்பி வந்த இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் அட்டைப் பலகைகளைத் தற்காலிகமாக நிறுத்தி, வேறு சிலரைக் கொண்டு மீண்டும் சோதியுங்கள். பலகை நிற்க வேண்டிய இடங்கள் அலுவலக மேசையில் நினைத்த இடங்களிலிருந்து பெரிதும் மாறியிருப்பதைக் காண்பீர்கள். இதில் முதியவர் ஒருவரும், சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும்.

பிறகு, நிறுவிய பலகைகளுக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். எந்தப் பலகை எங்கே நிற்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். துறைகள் இடம் மாறும் என்பது உறுதியானதால், துறைப் பெயர்களைக் கட்டடத்துக்குள் மட்டும், கழற்றி மாற்றக்கூடிய பட்டைகளில் வையுங்கள். ஒரு துறை வேறு கட்டடத்துக்கு மாறும் நாளில், மேசை நாற்காலிகளை ஏற்றும் அதே வண்டி புறப்படுவதற்குள் பழைய பெயர்ப்பட்டை கழற்றப்பட வேண்டும். புதிய பட்டை வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் பழையது ஒரு நாளும் அங்கே இருக்க வேண்டாம். மரக்கிளைகள் வளர்ந்து பலகையை மறைக்கும் என்பதால் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒருமுறையும், பெரிய தேர்வுகளுக்கு முந்தைய நாள் ஒருமுறையும் அவர் வளாகம் முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். தேர்வுக்காக ஒட்டும் காகித அம்புக்குறிகளைப் பாதை முதலில் பிரியும் இடத்திலிருந்து கூடத்தின் கதவு வரை இடைவிடாமல் ஒட்டி, தேர்வு முடிந்த மாலையே கிழித்தெடுக்கவும் அவரே பொறுப்பு.