பில்லைத் தீர்மானிப்பது பெட்டி

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்குச் சரக்கு அனுப்பும் முறையை வகுத்துத் தருவது என் தொழில். முதல் சந்திப்பிலேயே அநேகமாக எல்லோரும் கேட்பது, "எந்த கூரியர் மலிவு?" என்பதுதான். "முதலில் உங்கள் பெட்டிகளைக் காட்டுங்கள்" என்பேன். கேட்டவர் முகம் சற்றுச் சுருங்கும்.

தலையணை விற்கும் ஒருவர் கொதிப்போடு வந்தார். இரண்டு தலையணைகள் சேர்ந்து 900 கிராம். கூரியர் பில்லிலோ 8 கிலோ. பகல் கொள்ளை என்றார். பெட்டியை அளந்தேன்: 40 × 40 × 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி, அந்த கூரியர் வைத்திருக்கும் 5000 என்ற எண்ணால் வகுத்தால் சரியாக 8 கிலோ வருகிறது. இதைப் பருமன் எடை என்கிறோம். தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கில் வரும் எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வண்டியில் எடை நிறைவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். விமானச் சரக்கில் பழகிப்போன இந்தக் கணக்கை, அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலுமாகத் தரைவழியில் போகும் சிறிய பார்சல்களுக்கும் விரித்தன.

சில நிறுவனங்கள் 6000-ஆல் வகுக்கும். ஒப்பந்தத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். வகுக்கும் எண் எங்கே இருக்கிறது என்று தேடுவதில்லை. மலிவு போலத் தெரியும் கட்டணம் அந்த ஓர் எண்ணில் தலைகீழாகிவிடும்.

தலையணைகளைக் காற்று உறிஞ்சிய பையில் அடைத்துப் பார்த்தோம். 40 × 30 × 10 பெட்டி போதுமானதாக இருந்தது. கணக்கு எடை 2.4 கிலோ, அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் 2.5. கூரியரை மாற்றவில்லை, பேரம் பேசவில்லை. ஆனால் கண்ணாடிப் பொருள் விற்பவர் இதைப் பார்த்துப் பெட்டியைச் சுருக்கக் கூடாது. உடைந்த ஒரு பொருளுக்குப் பொருளின் விலை, திரும்ப அனுப்பும் செலவு, வாடிக்கையாளரின் கோபம் மூன்றும் சேரும்.

அடுத்தது "இலவச டெலிவரி". யாரோ ஒருவர் கொடுக்கும் பணத்துக்கு நாம் வைத்திருக்கும் அழகான பெயர் அது. எத்தனை ரூபாய்க்கோ டாலருக்கோ மேல் வாங்கினால் இலவசம் என்று வைப்பது நல்ல வழிதான். அந்த வரம்பைப் பெரும்பாலோர் குத்துமதிப்பாக வைக்கிறார்கள். சராசரியை நம்பாதீர்கள். மொத்தமாக வாங்கும் இரண்டு பேர் அதை மேலே இழுத்துவிடுவார்கள். ஆர்டர்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி, நடுவில் நிற்கும் தொகையைப் பாருங்கள். அது 600 என்றால் 800 எட்டக்கூடிய வரம்பு. 2000 என்று வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 800-க்கான ஆர்டரில் 30 சதவீதம் லாபம் என்றால் கையில் 240. அனுப்பும் செலவு 110 என்றால் மீதி 130. கூரியர் தூரத்தை வைத்துப் பிரிக்கும் மண்டலங்களில் தொலைவானதற்கு அதே செலவு 260 ஆகுமானால், நீங்கள் 20 கொடுத்து விற்கிறீர்கள். மண்டலவாரியாக இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வரம்பை அறிவியுங்கள்.

"மூன்று நாளில் வந்து சேரும்" என்ற வாக்குறுதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கூரியர் சொல்லும் மூன்று நாள், அவர்கள் பார்சலை எடுத்து ஸ்கேன் செய்த பிறகு தொடங்கும் வேலைநாள்கள். வாடிக்கையாளரின் மூன்று நாள் பணம் கட்டிய நொடியில் தொடங்குகிறது. இடையில் உங்கள் பேக்கிங் மேசையில் கழியும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. கடந்த மூன்று மாதப் பதிவுகளை எடுத்து, 100 பார்சலில் 90 எத்தனையாவது நாளில் சேர்ந்தன என்று பாருங்கள். அந்த நாளை வாக்குறுதியாகக் கொடுங்கள்.

பார்சல் கைக்கு வரும்போது பணம் கொடுக்கும் முறை இருந்தால், வாங்க மறுத்துத் திரும்பும் பார்சல்களுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். போகவும் வரவும் கட்டணம், வருமானம் சுழியம். அனுப்புவதற்கு முன் ஒரு குறுஞ்செய்தியில் உறுதி கேட்பது, தொலைபேசி எண் இல்லாத ஆர்டரை நிறுத்திவைப்பது போன்ற சின்ன வேலைகளே இங்கே நிறைய மிச்சப்படுத்தும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது தனி உலகம். உலகச் சுங்க அமைப்பின் ஆறு இலக்கப் பொருள் குறியீடு சரியாக இருக்க வேண்டும். வரியைக் கட்டுவது நீங்களா வாங்குபவரா என்பது ஆர்டர் செய்யும்போதே தெரிய வேண்டும். பழைய சலுகைகளை நம்பிப் போட்ட விலைகள் இன்று செல்லாது. 22 யூரோ வரையிலான வரிவிலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான தீர்வைச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தது. லித்தியம்-அயான் பேட்டரியைக் கருவியோடு சேர்க்காமல் தனியாக விற்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது.

தலையணைக்காரர் இப்போது மூடிய ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்து, பக்கத்தில் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்துவைக்கிறார். சென்ற மாதப் பில்லில் ஒரு பார்சல் 3 கிலோ என்று வந்திருந்தது. வாக்குவாதம் எதுவும் செய்யாமல் படத்தை மட்டும் அனுப்பினார். 2.5 என்று திருத்திக்கொடுத்தார்கள்.