நிறுத்த ஓரிடம் இருக்கிற விளையாட்டு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, ஒன்லைன் வகுப்புக்கென்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்குள் முதன்முதலாக ஸ்மார்ட்போன் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறி உட்கார்ந்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. இப்போது என்னிடம் வரும் பெற்றோர் பலர் 'கேம்' என்ற சொல்லில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தரம் 9 படிக்கிறான். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறவர். மகனைக் கூட்டிவர வேண்டுமென்று அன்று அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கியிருந்தார். "ரீலோட் போடுற காசெல்லாம் அதுக்குள்ளயே போகுது மிஸ். போனைப் புடுங்கினா சோறு திங்க மாட்டேங்குறான்."

"தம்பி, எனக்கும் காட்டுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ஒரு சண்டை கேம். திறந்தவுடன், இன்று வந்ததற்கு ஒரு பரிசு. அதை மூடினால் ஒரு சுழல் சக்கரம். அதையும் மூடினால், இரண்டு மணித்தியாலத்தில் முடியப்போகும் சலுகை; பக்கத்திலேயே குறைந்துகொண்டு ஓடும் நேரம். மூலைக்கு மூலை சிவப்புப் புள்ளி. சண்டை தொடங்குவதற்குள் அவன் விரல் ஏழு தடவை தட்டிவிட்டது. ஒன்றையும் வாசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

"என்ன ஆச்சு?"

"செத்துட்டேன் மிஸ்."

"எதனால?"

பதில் வரவில்லை. விரல் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருந்தது.

அந்தச் சக்கரம் சும்மா வைத்ததில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் விடாமல் இழுக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார். கேம்களில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் இதே வகைதான்; அவை சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று 2018இல் பெல்ஜியம் சொன்னது.

"எங்க காலத்து கேம்ல ஆழம் இருந்திச்சு, இப்ப எல்லாம் வெறும் பரபரப்பு" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். அதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நாணயம் போட்டு ஆடிய அந்த நாள் இயந்திரங்களும் காசுக்காகத்தான் வேண்டுமென்றே கடினமாக இருந்தன. மாமா வீட்டில் ரீவி கேமில் மரியோ விளையாடும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். ஆனால் 1985இல் வந்த அந்த மரியோவில் எட்டாவது உலகத்துக் கோட்டையில் இளவரசியை மீட்டால் கதை முடிந்தது. நடுவில் யாரும் காசு கேட்கவில்லை. தோற்றால் ஏன் தோற்றோம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவதென்று பள்ளிக்கூட வழியெல்லாம் பேசிக்கொண்டு போவோம்.

ஆழம் இன்றைக்கும் இருக்கிறது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் ஆடுகிறவர் எடுக்கும் முடிவுக்கேற்பக் கதையே திசைமாறும். ஆனால் அதற்கு நல்ல கொம்பியூட்டரோ கேம் பெட்டியோ வேண்டும், விலையும் அதிகம். சாதாரண போனில் இலவசமாக இறங்குவது வேறு சரக்கு. லயத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கேம் உலகமே அதுதான் என்பதுதான் என் கவலை.

ஆழமான கேமிலும் பிள்ளை மூழ்கிப்போகலாம், சரி. டியூசனை விட்டுவிட்டு ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் கோட்டை கட்டியவனையும் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு கிடையாது. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்தும் தொடர்வது: இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெற்றோரே அந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள்.

நான் அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு கேம்ல என்ன யோசிச்சு செஞ்ச?" என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். முதல் வாரம் அவனுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. அது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.

பிறகு பெரியம்மா மகன் ஸ்டார்டியூ வேலி என்ற தோட்டக்கார கேமைப் போட்டுக்கொடுத்தான். 2016இல் வந்தது, எரிக் பரோன் என்பவர் தனியாளாக உருவாக்கியது. ஒரு தடவை காசு கட்டினால் போதும். டேட்டா இல்லாமலும் ஓடும். அதில் ஒரு நாள் முடிந்து படுக்கப் போகும்போது ஆட்டம் சேமிக்கப்படும். போனை வைக்க அது ஓரிடம். சண்டை கேமும் இன்னும் அவன் போனில் இருக்கிறது. ராத்திரியில் ஆடுவதுதான் குறைந்திருக்கிறது.

கடைசியாக வந்தபோது, வசந்த காலத்தில் போட்ட பயிரெல்லாம் கோடை பிறந்ததும் பட்டுப்போனதை என்னிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் போடுகிற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாசம் பாத்துப் போட மாட்டியாடா? எத்தனை நாளில விளையுற பயிர் அது?"

பையன் அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்து, நாள் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தான்.