மாத்திரையை விழுங்கினால் போதுமா?

வைட்டமின் டி குறைவு என்றதும் நம் வாயில் முதலில் வருவது, ‘பிள்ளையை வெயிலில் விளையாட விடுங்கள்’ என்பதுதான். தவறான யோசனை அல்ல. ஆனால் குடலில் நீடித்த அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் குரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ இருக்கும் குழந்தைக்கு அது பாதிப் பதில்கூட ஆகாது. இந்நோய்களுக்குத் தரப்படும் அசாதயோப்ரின் என்ற மருந்து தோலை வெயில் எளிதில் பாதிக்க வழிசெய்வதால், ‘கடும் வெயிலில் நிற்காதே’ என்று மருத்துவரே சொல்லவும் நேரும்.

சரி, மாத்திரை கொடுக்கலாம் என்றால் குடல் ஒத்துழைக்க வேண்டும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. பித்த உப்புகள் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்தால்தான் அது சிறுகுடலின் சுவருக்குள் நுழையும். வேலை முடிந்த பித்த உப்புகளை உடல் வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சி மீண்டும் கல்லீரலுக்கு அனுப்பிவிடும். குரோன் நோய் பெரும்பாலும் குறிவைப்பது அந்தக் கடைப்பகுதியைத்தான். அங்கே புண் முற்றினாலோ, அப்பகுதியை அறுவைசிகிச்சையில் அகற்றினாலோ, பித்த உப்புகள் மலத்தோடு போய்விடும். கொழுப்பு உறிஞ்சப்படாமல் நிற்கும்; வைட்டமினும் அதோடு வெளியேறும்.

கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்பது. ஆனாலும் அந்தக் குழந்தைகளிடமும் குறைவு காணப்படுகிறது. வலியால் வெளியே போகாமல் இருப்பதும், சாப்பாட்டைக் குறைப்பதும் காரணங்கள். புண்ணான குடல் வழியே புரதங்கள் கசியும்போது, ரத்தத்தில் வைட்டமின் டியைச் சுமக்கும் புரதமும் சேர்ந்து போகலாம்.

இத்தனைக்கும் நடுவே எலும்பு வளர வேண்டிய வயது. வைட்டமின் டி போதாவிட்டால் உணவிலுள்ள கால்சியத்தில் சிறு பங்கே உடலில் சேரும். பற்றாக்குறையை ஈடுகட்ட, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். அழற்சியைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டும் எலும்பைத்தான் மெலியவைக்கிறது.

எவ்வளவு கொடுப்பது? 2012இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமோ அதற்குக் குறைவாகவோ வைட்டமின் டி இருந்த, இக்குடல் நோய்கள் கொண்ட இளம் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு வாரம் கவனித்தார்கள். வைட்டமின் டியில் டி2, டி3 என இரு வடிவங்கள் உண்டு. தினம் 2,000 அலகு டி2 பெற்றவர்களுக்கு அளவு சராசரியாக 9 நானோகிராம் உயர்ந்தது. அதே 2,000 அலகை டி3 ஆகப் பெற்றவர்களுக்கு 16. வாரம் ஒருமுறை 50,000 அலகு டி2 பெற்றவர்களுக்கு 25.

மூன்றாம் குழு முந்தியதில் வியப்பில்லை. மற்றவர்களுக்கு வாரத்துக்கு 14,000 அலகுதானே கிடைத்தது! என் கவனத்தை ஈர்ப்பது முதல் இரண்டும்தான். அளவு ஒன்று, வடிவம் வேறு, பலனில் இவ்வளவு இடைவெளி. காளான், ஈஸ்ட் வழி வருவது டி2. நம் தோல் தயாரிப்பது டி3.

நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டி3தான், 60,000 அலகுப் பொட்டலமாக. வாரம் ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்று என்று படித்துவிடும் வீடுகள் உண்டு. அதிகமானது சிறுநீரில் எளிதாகக் கழியாது; கொழுப்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

அளவு உயர்ந்ததும் மருந்தை நிறுத்துவது இன்னொரு தவறு. ரத்தத்திலுள்ள இருப்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே பாதியாகிவிடும். குடல் ஆறாத பிள்ளைக்கு மறுபரிசோதனையும் தொடர் மாத்திரையும் நீண்டகால வேலை.