ஓர் ஆளுக்கு இரண்டு ஊர்: போர்ப் பகுதியில் மக்களை எண்ணுவது

போர் நடக்கும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மூன்று அலுவலகங்களைக் கேட்டால் மூன்று பதில் வரும். 2009 பெப்ரவரியில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வடக்கே வன்னியில் வந்தது இப்படி: முல்லைத்தீவுக் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், சுமார் 330,000 என்றது. ஐ.நா. சுமார் 250,000 என்று மதிப்பிட்டது. கொழும்பில் அரசாங்கம் சுமார் 70,000 என்றது. மே மாதம் போர் முடிந்து முகாம்களில் பதிந்தபோது 280,000க்கு மேல் இருந்தார்கள்.

இந்த வித்தியாசத்தை லொறிக் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று வைப்போம். 70,000 பேருக்கு 35 தொன், அதாவது பத்துத் தொன் லொறி மூன்றரை. 250,000 பேருக்கு 125 தொன், பன்னிரண்டரை லொறி. நிவாரண வேலைக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவான ஸ்பியர்படி ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். முதல் கணக்குக்கு பத்தாயிரம் லீற்றர் பவுசர் (தண்ணீர் வண்டி) 105 தடவை ஓடினால் போதும், இரண்டாவதுக்கு 375 தடவை ஓடவேண்டும். மலசலகூடம் இருபது பேருக்கு ஒன்று: ஒரு பக்கம் 3,500, மறுபக்கம் 12,500. எண்ணிக்கையில் பிழை விட்டால் பிறகு என்னதான் திறமையாக விநியோகித்தாலும் வேலைக்கு ஆகாது.

எண்ணைச் சொல்பவருக்கு அந்த எண்ணால் என்ன இலாபம் என்பதையும் பார்க்கவேண்டும். அரசாங்கம் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. மக்களை வெளியேற விடாமல் தடுத்து வைத்திருந்த புலிகளுக்கோ எண் கூடினால் உள்ளே வரும் உணவும் கூடும். நடுவில் கச்சேரி ஊழியர்கள், இரு பக்கமும் பயந்துகொண்டு, அரச சம்பளத்தில் அதே பதுங்குகுழிகளுக்குள். ஒரே ஒரு வழியில் கிடைத்த எண்ணை நம்பி முழுத் திட்டத்தையும் போடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

எண்ணிக்கையின் அடித்தளத்தில் தொடங்குவோம். சாதாரண நாட்டில் கடைசிக் குடிசன மதிப்பீட்டை எடுத்து வளர்ச்சி வீதத்தால் பெருக்குவார்கள். வன்னியில் அது முடியாது. 2001 மதிப்பீடு அங்கே நடக்கவே இல்லை. அதற்கு முந்தியது 1981. கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1984இல். ஆக, 1981 புத்தகத்தில் அப்படியொரு மாவட்டமே இல்லை. இருபத்தெட்டு வருடப் பழைய எண்ணை நீட்டி இழுப்பதைவிட விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், பதிவேடு எவ்வளவோ மேல். குடும்ப அட்டை, சங்கக்கடைப் பங்கீடு, பள்ளிக்கூட இடாப்பு, தாய்சேய் நலப் பதிவு, எதுவானாலும் ஊரில் யாரோ மாதாமாதம் கையால் எழுதிய கொப்பி.

அந்தக் கொப்பியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அது சொந்த ஊர்ப்படி எழுதப்பட்டது. மாந்தை மேற்கிலிருந்து 2007இலோ 2008இலோ கிளம்பிய குடும்பம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று எட்டு இடம் மாறினாலும் விதானையாரின் கொப்பியில் ஒரே வரி. இரட்டிப்பு நுழைய இடமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் இன்றிரவு எங்கே படுக்கிறது என்று கொப்பிக்குத் தெரியாது. கொட்டில்களை எண்ணும் செய்மதிப் படத்துக்கு அது தெரியும், ஆனால் கொட்டிலுக்குள் யார் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு ஊர் எழுதவேண்டும்: சொந்தக் கிராம அலுவலர் பிரிவு, இப்போது இருக்கும் பிரிவு. இரண்டும் ஒன்றானால் அவர் ஊரில் எஞ்சியவர், வேறானால் இடம்பெயர்ந்தவர். இந்த இரண்டு நிரல்கள் இருந்தால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். இடம்பெயர்ந்தவரை மட்டும் பதிந்த படிவங்கள்தான் அதிகம் பார்க்கக் கிடைக்கின்றன. ஊரில் எஞ்சிய கிழவன் கிழவிகள், மாட்டை விட்டு வர மனமில்லாதவர்கள், வந்த சொந்தக்காரரை வீட்டில் வைத்திருப்பவர்கள் எல்லாம் அவற்றில் விழமாட்டார்கள்.

ஊர்ப் பெயரை எழுத்தால் எழுதுவதோடு நிறுத்தினால் அதுவும் கெட்டது. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவில் இருக்கிறது, மன்னாரில் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி, ஐந்தாவது ஆள் மூன்றெழுத்துச் சுருக்கமாகவும் எழுதினால், கணினி அட்டவணையில் ஓர் ஊர் ஐந்து வரியாகிவிடும். நாட்டில் சுமார் 14,000 கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. படிவத்தில் பெயரோடு அந்த இலக்கமும் வரவேண்டும், அதுவும் கையால் எழுதாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்து.

இனிக் கூரை எண்ணுவது. 4க்கு 6 மீற்றர் தறப்பாள், அரை மீற்றர் தெளிவுள்ள செய்மதிப் படத்தில் 8க்கு 12 பிக்சல். திறந்த வயலில் கண்ணுக்குத் தெரியும். பனங்கூடலுக்குள் தெரியாது. வெள்ளைக் கடற்கரை மணலில் வெளிறிய தறப்பாளைப் பிரித்தெடுப்பதும் சிரமம். முள்ளிவாய்க்காலில் குடும்பங்கள் பகலில் பெரும்பாலும் பதுங்குகுழிக்குள் இருந்தன, மேலே சேலையைத் தைத்து மண் நிரப்பிய மூட்டைகள். வானத்திலிருந்து பார்த்தால் அது வெறும் மண்மேடு.

தெரிந்த கூரைகளிலும் பொறி ஒன்று இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். படத்தில் 12,400 கூரை. களத்தில் 60 கூரையைத் தெரிந்தெடுத்துப் பார்க்கிறீர்கள். 9 சமையல் கொட்டில் அல்லது கடை, 5 வெறுமை, 46இல் ஆட்கள், மொத்தம் 253 பேர். அவசரத்தில் 253ஐ 46ஆல் வகுத்து 5.5 என்று எடுத்து 12,400ஆல் பெருக்கினால் 68,200. சரியான வகுத்தி 60. ஏனென்றால் படத்தில் எண்ணியது எல்லாக் கூரையையும்தான். 4.2 வரும், பெருக்கினால் சுமார் 52,000. ஒரே களத்தரவிலிருந்து 16,000 பேர் காற்றில் முளைத்துவிட்டார்கள். மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கையில் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இந்த வகுத்தியைத்தான்.

60 கூரையைத் தெரிந்தெடுப்பதிலும் ரோட்டோரக் கொட்டில்களையே பிடிக்கும் பழக்கம் உண்டு. வாகனம் அங்கேதான் நிற்கும். முகாமின் ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக நடந்து, இத்தனை கொட்டிலுக்கு ஒன்று என்று நிறுத்துங்கள். வரிசையே இல்லாத இடத்தில் ஓரத்தை ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்து பரப்பை எடுத்து, உள்ளே 25 மீற்றர்ச் சதுரங்களைக் குறைந்தது பதினைந்தாவது சீட்டுக் குலுக்கி விழுத்தி, ஒவ்வொன்றிலும் உள்ளவர்களை எண்ணலாம். குளமோ வயலோ பரப்பில் சேர்ந்திருந்தால் சதுரமும் அங்கே விழத்தான் வேண்டும். வெறும் சதுரம் என்று தள்ளிவிட்டு வேறொன்று எடுத்தால் எண் ஊதிப்போகும்.

கொட்டில் வாசலில் என்ன கேட்பது? "உங்கட குடும்பத்தில எத்தனை பேர்?" என்று கேட்டால் கனடாவில் இருக்கும் மகனும் சேர்ந்து வருவார். அல்லது ஆட்சேர்ப்புக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை விடுபட்டுப் போகும். "நேற்று ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழ எத்தனை பேர் படுத்தனீங்கள்?" என்பது நல்ல கேள்வி. பெயரும் வயதும் கேட்காமல் பெரியவர், ஐந்து வயதுக்குக் கீழ் என்று மட்டும் பிரித்தால் முதல் சுற்றுக்குப் போதும். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரையான வயதில் பள்ளம் விழுந்தால் ஆட்கள் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம், சொல்லப் பயப்படுகிறார்கள் என்றும் இருக்கலாம். சிறுவர் விகிதமும் ஒரு சோதனை. ஆபிரிக்க நெருக்கடிகளில் பழகிய கையேடுகள் ஐந்து வயதுக்குக் கீழ் 100க்கு 20 என்று வைக்கும். 2009 அளவில் இலங்கையில் அது 8, 9தான். கையேட்டு எண்ணை அப்படியே போட்டால் சத்துமா இரு மடங்கு வந்து களஞ்சியத்தில் வண்டு பிடிக்கும்.

கூரைக் கணக்கு முழுதாகக் கைவிடும் இடமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மக்கள் ஒரேயடியாகத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தார்கள். இலட்சக்கணக்கானோர். சாவகச்சேரிப் பக்கம் வீட்டுக்கு வீடு பல குடும்பங்கள், விறாந்தையில், மாட்டுக் கொட்டிலில், பள்ளிக்கூட வாங்கின் கீழ். வானத்திலிருந்து படம் எடுத்திருந்தால் முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திராது. கிணற்றில் தெரிந்திருக்கும். உறவினர் வீடுகளில் தங்கும் இடப்பெயர்வில் வீட்டுக்கு எத்தனை பேர் என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒரு கிணற்றுக்கு எத்தனை வீடு, எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றுகிறது, திரும்ப ஊற எவ்வளவு நேரம் என்று கேட்டால் சுமை எங்கே என்பது உடனே தெரியும். இடம் கொடுத்த வீட்டுக்காரரை நிவாரணப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் ஒரு மாதத்தில் அந்த வீட்டில் சண்டை வரும், குடும்பம் முகாமுக்குப் போகும், கணக்கு மறுபடி மாறும்.

போக்குவரத்து எண்ணிக்கை மூன்றாவது வழி. சோதனைச் சாவடியிலோ கடவையிலோ ஆள் நிறுத்தி, மணிக்கொரு தரம், போனவர் வந்தவர் இருவரையும் எண்ணுவது. முந்திய இருப்பு, கூட்டல் வந்தவர், கழித்தல் போனவர். தொடங்கிய இருப்பு பிழையானால் இது அழகாகப் பிழைக்கும். 2009 ஏப்ரல் 20ஆம் திகதி புலிகளின் மண் அணை உடைந்தபின் சில நாட்களில் ஒரு இலட்சத்துக்கு மேல் வெளியே வந்தார்கள். அதற்கு முன்பே பல பத்தாயிரம் பேர் வந்திருந்தார்கள். 70,000 என்ற இருப்பில் இதைக் கழித்துப் பாருங்கள், உள்ளே எஞ்சியவர் கழித்தல் குறியோடு வருவார். அந்த நிமிடமே அடித்தளத்தைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளே சில ஆயிரம் பேர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வழியும் மூன்று எண் தந்தால் சராசரி எடுக்காதீர்கள். எது எதை விட்டது என்று தேடுங்கள். பதிவேடு கூடவும் கூரை குறையவும் காட்டினால் மரநிழலும் பதுங்குகுழியும் காரணமா, இறந்தவரையும் வெளியேறியவரையும் கொப்பியில் வெட்டாததா என்று இரண்டு பிரிவுகளில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியிடும்போது வீச்சாகவும் திகதியோடும் வெளியிடுங்கள்: "பெப்ரவரி 20 நிலவரம், 230,000 முதல் 270,000". திகதியில்லாத எண் மூன்று கிழமையில் யாரோ ஒருவரின் பத்திரிகை அறிக்கையில் புது எண்ணாகப் பிறக்கும்.

இந்த எண்களையும் இடங்களையும் குறித்த வரைபடம் ஆளைக் கொல்லவும் கூடும். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் அமைவிடம் படைகளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் 2009 சனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை அது திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. அமைவிடத்தைக் கொடுப்பதா இல்லையா என்பதைத் தனி ஒரு தரவு அலுவலர் மேசையில் முடிவெடுக்கக்கூடாது. யாரிடம், எப்போது, எந்தக் கடிதத்தோடு கொடுத்தோம் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். பொதுவில் போகும் வரைபடத்தில் பிரிவு மட்டத் தொகை போதும், கொட்டில் புள்ளிகள் வேண்டாம். எந்தக் குடும்பத்தில் யார் இயக்கத்தில் இருந்தார் என்ற நிரல் எந்தப் படிவத்திலும் இருக்கக்கூடாது. கேட்காத தகவலை யாரும் பறிக்க முடியாது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தலை வைத்தார். கச்சேரிப் பதிவின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர், 2009 யூலை 10 நிலவரப்படி வெளியே வந்தவர் 282,380. மிச்சம் 146,679. இதை அப்படியே இறந்தவர் தொகை என்று எடுக்க முடியாது. கொப்பியில் வெட்டப்படாத பெயர், முன்பே வேறு வழியில் போனவர், தனியே தடுத்து வைக்கப்பட்டவர், உள்ளே இருந்த காலத்தில் பிறந்த பிள்ளை என்று பல வகை அதில் கலந்திருக்கும். ஆனால் வகை பிரிக்காமல் ஒதுக்கிவிடவும் முடியாது. பிரிப்பதற்கு 2008 கொப்பியின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2009 முகாம் பதிவின் பெயரை வைத்துப் பார்க்கவேண்டும். சொந்தப் பிரிவு இலக்கம் இரண்டிலும் இருந்தால் அது ஒரு கிராமத்துக்கு ஒரு சில நாள் வேலை. இல்லாவிட்டால் பெயரைப் பெயரோடு ஒப்பிட்டுத் தடுமாறவேண்டும்.

இன்று எங்காவது போர்ப் பகுதியில் பதிவேடு எழுதுபவர்கள் மாதக் கடைசியில் செய்யவேண்டிய வேலை சின்னது. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து, திகதி போட்டு, பூட்டிய கோப்பாக ஒரு பிரதியைப் பகுதிக்கு வெளியே நம்பிக்கையான கையில் சேர்க்கவேண்டும். பிறகு கைபேசியிலிருந்து அதை அழித்துவிட வேண்டும்.