"நிறைந்தது" என்றால் எவ்வளவு?

ரத்தசோகைக்காக என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். ஹீமோகுளோபின் கொஞ்சமும் ஏறவில்லை. மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "நீங்க குடுத்த தாள்ல கீரையில இரும்புச்சத்து நிறைந்திருக்குன்னு இருந்தது மேடம். அதான் தினமும் கீரை சாப்பிடறேன். அப்புறம் மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தத் தாளை எழுதியது நான்தான். அவர் தப்பாகப் படிக்கவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதைத்தான் எடுத்துக்கொண்டார். குடம் நிறைந்தது என்றால் இனி ஊற்ற இடமில்லை. வயிறு நிறைந்தது என்றால் போதும், இலையை எடுக்கலாம். 'நிறை'க்குள்ளேயே 'போதும்' என்பதும் இருக்கிறது. நான் சொல்ல நினைத்தது, மற்ற பல காய்களைவிடக் கீரையில் இரும்பு கூடுதல் என்பதை மட்டும்தான். 100 கிராம் பசலைக்கீரையில் இருப்பது சுமார் 2.7 மில்லிகிராம். அதிலும் உடல் எடுத்துக்கொள்வது சிறு பங்கு. அவர் நிறுத்திய மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருந்தது.

அன்றிலிருந்து மிகுதியைச் சொல்லும் சொற்களைக் கவனித்துப் பயன்படுத்துகிறேன். உணவு பற்றிப் பேசுபவர்கள், எழுதுபவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தமிழில் இந்தச் சொற்களுக்குக் குறைவே இல்லை. 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்று நன்னூல் ஒரே அடியில் ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. ஆறுக்கும் அது சொல்லும் பொருள் 'மிகல்'. இந்த 'மிகு' எனக்குப் பிடித்த வேர். மிகுதி என்றதும் எதைவிட மிகுதி என்ற கேள்வி கூடவே வந்துவிடும். 'நிறைந்தது' என்றால் அந்தக் கேள்வி எழுவதில்லை. 'செறிந்தது' வேறு மாதிரி. சிறிய இடத்தில் நெருக்கமாக இருக்கிறது என்று பொருள். எள், சீரகம் போன்றவற்றுக்கு அதுதான் சரியான சொல். 100 கிராம் சீரகத்தில் 66 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உண்டு. ஆனால் 100 கிராம் சீரகத்தை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி என்றால் 2 கிராம்தான், அதில் வருவது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. இணையத்தில் சுற்றும் 'இரும்புச்சத்து மிகுந்த பத்து உணவுகள்' வகைப் பட்டியல்களில் மசாலாப் பொருள்கள் முதலிடம் பிடிப்பது இதனால்தான்.

பொட்டலங்களில் அச்சாகும் சொற்களுக்கு ஓரளவு வரையறை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் அதற்கு 1997-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் 'உண்டு' என்று போடலாம். 6 கிராம் இருந்தால் 'அதிகம்' என்று போடலாம். தாதுக்கள், வைட்டமின்கள் விஷயத்தில், திட உணவென்றால், ஒரு நாளைக்குத் தேவை என்று வைத்திருக்கும் அளவில் 15 சதவீதம் 100 கிராமில் இருந்தால் 'உண்டு', 30 சதவீதம் இருந்தால் 'அதிகம்'. திரவத்துக்கு இதில் பாதி. 100 கலோரிக்கு எவ்வளவு என்று கணக்கிடவும் இடமுண்டு, அதற்குத் தனி அளவு. பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லியில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். ஒரு நாள் அளவு 1000 மில்லிகிராம் என்பதால் இது 12 சதவீதம், ஆகவே 'உண்டு' என்ற வகைதான். அதே பாலைக் கலோரிக் கணக்கில் பார்த்தால் 'அதிகம்' என்று வந்துவிடும். பால் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. எனவே பொட்டலத்தில் 'அதிகம்' என்று கண்டால், பின்பக்க அட்டவணையில் எத்தனை கிராமுக்கு அந்தக் கணக்கு என்று பாருங்கள். நீங்கள் ஒரு தடவையில் சாப்பிடுவது எத்தனை கிராம் என்றும் பாருங்கள்.

மிகுதிச் சொற்களைப் போலவே, சத்து எங்கிருந்து கிடைக்கிறது என்று சொல்லும் சொற்களும் குழப்புகின்றன. 'கால்சியத்தின் சிறந்த மூலம்' என்று எழுதுகிறார்கள். மூலம் என்றதும் பலருக்கு நினைவு வருவது மூல நோய். இல்லையென்றால் 'வழியாக' என்ற பொருள். 'ஆதாரம்' என்று எழுதினால் சான்று என்று படிக்கிறார்கள். பத்திரிகைகளுக்குப் பிடித்தவை 'களஞ்சியம்', 'சுரங்கம்'. களஞ்சியம் என்றால் கதவைத் திறந்து அள்ளிக்கொள்ளலாம். கீரையின் கால்சியத்தை அப்படி அள்ள முடியாது. கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதைப் பிடித்து வைத்திருப்பதால், பசலைக்கீரையின் கால்சியத்தில் சுமார் 5 சதவீதமே உடலில் சேர்கிறது. பாலிலிருந்து கால் பங்குக்கு மேல் சேரும். அந்த வகையில் கீரைக்குச் 'சுரங்கம்' பொருந்துகிறது. உள்ளே இருக்கிறது, ஆனால் எடுப்பது எளிதல்ல. நான் இப்போது 'கால்சியம் இதிலிருந்து கிடைக்கும்' என்று வினையாகவே எழுதிவிடுகிறேன். அப்போது எவ்வளவு கிடைக்கும் என்று படிப்பவரே கேட்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தும் சொல் 'தாராளமாக'. மற்றவை உணவைப் பற்றிச் சொல்கின்றன. இது சாப்பிடுபவருக்கு அனுமதி கொடுக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்த ஒரு பெரியவருக்கு அவர் மகன் தினமும் மூன்று நான்கு வாழைப்பழம் கொடுத்துவந்தார். எங்கோ 'பொட்டாசியம் நிறைந்தது, தாராளமாகச் சாப்பிடலாம்' என்று படித்திருக்கிறார். 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. உருளைக்கிழங்கில் அதைவிடக் கூடுதல். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததால் சமாளிக்க முடிந்தது. அப்பாவுக்குச் சத்து சேரட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த பிள்ளை அவர். "நல்லதுதானே சார் போட்டிருந்தாங்க" என்று அவர் எங்கள் மருத்துவரிடம் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஈரலும் இப்படித்தான். வைட்டமின் ஏ மிக அதிகம் என்ற அதே காரணத்துக்காகவே அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

என் தாளைத் திருத்திவிட்டேன். 'தாராளமாக' அதில் எங்கும் இல்லை. 'நிறைந்தது' இருந்த இடங்களில் கிண்ணக் கணக்கும் கரண்டிக் கணக்கும் இருக்கின்றன. கீரைக்கான வரி இப்போது இப்படி: "ஒரு கிண்ணம் கீரையில் கொஞ்சம் இரும்புச்சத்து கிடைக்கும். கூட எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உடலில் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ வேண்டாம். கீரை சாப்பிட்டாலும், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது." கடைசி வாக்கியத்தை அந்தப் பெண்ணிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். தடித்த எழுத்தில் போடச் சொன்னார், போட்டேன்.